வெள்ளியங்கிரி மலை ஏற எந்த மாதம் நல்லது? மே விடுமுறையில் 58 வயது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மே வேண்டாம். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் பாதியிலோ போங்கள். மகா சிவராத்திரி, பௌர்ணமி, சனி, ஞாயிறு இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி, ஏன் என்பது.

நான் திருப்பூர்க்காரன். இதுவரை நான்கு முறை ஏறியிருக்கிறேன். பிப்ரவரியில் இரண்டு முறை, ஏப்ரலில் ஒரு முறை, மே கடைசி வாரத்தில் ஒரு முறை. பாதை ஒன்றுதான். கோவையிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் பூண்டி, அங்கே அடிவாரக் கோயில். அதற்குப் பின்னால் படி தொடங்குகிறது. ஏழு மலை, ஒரு வழிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர். உச்சி கிட்டத்தட்ட 1,780 மீட்டர். 'ஆறு கிலோமீட்டர்தானே, தினமும் காலையில் அவ்வளவு நடக்கிறேனே' என்று நினைத்துத்தான் நானும் முதல் தடவை போனேன். முதல் மலையிலேயே அந்த நினைப்பு போய்விட்டது. அங்கே நடை கிடையாது, படி ஏற்றம்தான். ஒவ்வொரு கல்லும் ஒரு உயரம், சில இடங்களில் முழங்காலைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். வெள்ளைப் பிள்ளையார் கோயிலுக்கு வரும்போது பனியன் பிழியலாம். திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயேதான் திரும்புகிறார்கள்.

அந்த ஏற்றத்தில் எழுபது வயது இருக்கும் ஒரு பெரியவர் வெறுங்காலோடு என்னைத் தாண்டிப் போனார். நான் மூங்கில் தடியைப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி இளைத்துக்கொண்டிருந்தேன். "ஏனுங் சாமி, வாயில மூச்சு வுடாதீங்க. பேசாம பத்துப் படி ஏறுங்க, நின்னு அஞ்சு மூச்சு வாங்குங்க, மறுபடி பத்துப் படி" என்றார். நான்கு முறையும் எனக்குக் கைகொடுத்தது அந்தக் கணக்குதான்.

பிப்ரவரியில் பெரும்பாலும் ராத்திரிதான் ஏறுவார்கள். காட்டுக்குள் இருட்டு, மேலே பார்த்தால் டார்ச் வெளிச்சம் வரிசையாக வானத்துக்குப் போவது போல இருக்கும். ஏறுகிற வரை குளிர் தெரியாது. நான்காவது மலை தாண்டி மரங்கள் குறைந்து புல்வெளி வந்ததும்தான் தெரியும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. பாலக்காட்டுக் கணவாய் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் காற்று வியர்வையில் நனைந்த சட்டைமேல் பட்டால் கணக்கெல்லாம் உதவாது. முதல் தடவை நான் கொண்டுபோனது ஒரே ஒரு சட்டை. ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் எல்லோரும் குளிக்கிறார்களே என்று நானும் இறங்கிவிட்டேன். அப்புறம் ஏழாவது மலை அடியில் பாறை மறைவில் அரை மணி நேரம் பல் கிட்டி உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒருவர் தன் போர்வையில் பாதியைக் கொடுத்தார். ஒரு மாற்றுச் சட்டை, காதை மூட ஒரு துண்டு, இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டும் பைக்குள் நனையாமல் இருக்க வேண்டும்.

பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும். ஒரு பீடி போதும் பற்றிக்கொள்ள. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுவும் இதே போல் காய்ந்த புல்மேடு உள்ள மலைதான். பாதி வழியில் கற்பூரம் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சண்டை போடத் தோன்றும், இரண்டு முறை போட்டும் இருக்கிறேன்.

ஏப்ரலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், தண்ணீர், அவ்வளவுதான். காலை எட்டு மணிக்குப் பகலில் ஏறினோம், அது எங்கள் முட்டாள்தனம். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று வழியில் தண்ணீர் உண்டு. ஆனால் கோடையில் நூல் மாதிரி ஒழுகும், அதற்கு ஒரு வரிசையும் நிற்கும். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் எலுமிச்சை சோடாவில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தார், பத்து நிமிடத்தில் நடந்தேன். சித்ரா பௌர்ணமி நாளில் போகாதீர்கள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே படியில் முட்டிக்கொள்வார்கள், நம் மூச்சுக்கு ஏற்றபடி நிற்கக்கூட இடம் கிடைக்காது.

இப்போது மே. அடிவாரத்தில் நல்ல புழுக்கம், மழைக்கான அறிகுறியே இல்லை. மேலே விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்க உட்கார்ந்தால் சுற்றிலும் வெள்ளை மட்டும்தான். லிங்கத்தின் மேல் சாய்ந்து நிற்கும் அந்தப் பெரிய பாறைகளே பத்தடி தூரத்தில் தெரியவில்லை. பனிமூட்டத்தில் தலையில் மாட்டும் லைட் உதவாது. வெளிச்சம் மூட்டத்தில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்துக் காலடியில் அடித்தால்தான் கல் தெரியும். இதை அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

தரிசனம் முடிந்து மேலே சும்மா இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அதுதான் தப்பு. வெயில் ஏற ஏற மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேகமாகத் திரளும், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். கோடை மழையின் வழக்கம் அது. நாங்கள் நான்காவது மலைப் புல்மேட்டில் இருக்கும்போது பிடித்துக்கொண்டது. அந்த வெட்டவெளியில் நம்மைவிட உயரமாக எதுவுமே கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். ஒரு சோடாக் கடைத் தார்ப்பாய்க்குள் முப்பது பேர். யாரும் பேசவில்லை.

மழை விட்ட பிறகு முதல் மலை இறக்கம். ஏறும்போது மூச்சை வாங்கிய அதே படிகள்தான். பல வருடமாகக் கால் பட்டுப் பட்டு வழவழவென்று ஆன கல், அதன்மேல் சேறு, சேற்றின்மேல் ஊறிய இலை. தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, அது நழுவவில்லை என்று பார்த்து, பிறகு காலைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். டக், கால். டக், கால். ஒரு மணி நேரத்தில் இறங்குகிற இடத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது. என் மச்சான் ஒரே ஒரு படியில் தடியை ஊன்றாமல் கால் வைத்தான், மணிக்கட்டில் எலும்பு விரிசல். எங்களுக்கு முன்னால் ஒருவரை டோலி கட்டித் தூக்கிப் போனார்கள். தூக்கியவர்கள் அந்தப் பக்கத்து மலைவாழ் மக்கள். அந்த வழுக்கலில் அவர்கள் நடந்த வேகத்தை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால் பேச்சே இல்லை, பாதை மூடப்பட்டிருக்கும். நொய்யல் பிறக்கிற மலை அது, சிறுவாணி பக்கத்தில். கோவை ஊருக்குள் தூறல் போடும்போது அங்கே கொட்டிக்கொண்டிருக்கும். பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை விடுகிறது. மற்ற மாதங்களில் அது யானைகளின் இடம். 'ஆஃப் சீசனில் ஆள் இருக்காது' என்று குறுக்கு வழி கேட்டு இங்கே எழுதுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள். அடிவாரத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவார்கள், பாட்டிலைத் திரும்பக் காட்டினால் பணம் கிடைக்கும்.

அப்பா விஷயம். சர்க்கரை, பிரஷர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவதற்கு முன் ஒரு டாக்டரிடம் காட்டி இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். 2024 பருவத்தில் மட்டும் மூச்சுத்திணறலிலும் மயக்கத்திலும் அடுத்தடுத்துப் பலர் அங்கே இறந்தார்கள், அவர்களில் இளவயதுக்காரர்களும் உண்டு. ஒரு மாதம் முன்பே வீட்டு மாடிப்படியை ஏறி இறங்கிப் பழகச் சொல்லுங்கள், முக்கியமாக இறங்க. வெள்ளைப் பிள்ளையார் வரை போய் அவர் முகத்தைப் பாருங்கள். பேச முடியாமல் இளைத்தால் அங்கேயே தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். நீங்களும் கூடவே இறங்குங்கள், அவரைத் தனியாக அனுப்பிவிட்டு மேலே போகாதீர்கள்.

மறந்துவிட்டேன், கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டு பேரும் கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் விரல்கள் ஷூவின் முனையில் முட்டிக்கொண்டே வரும். என் கட்டைவிரல் நகம் இரண்டும் கறுத்து, விழுந்து, முழுதாக முளைக்க அடுத்த பிப்ரவரி ஆகிவிட்டது.