எச்சூகா போக ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: மெல்பர்னில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 72 வயது. நீராவி இன்ஜின் காலத்தில் ரயில்வே மெக்கானிக்காக இருந்தவர். எச்சூகாவில் இன்னும் நீராவிப் படகு ஓடுகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். ஆற்றில் தூண்டில் போடவும் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு ஏஜென்ட் 'மர்ரே நதி பாரம்பரியச் சுற்றுலா' என்று ஆளுக்கு 240 டாலர் கேட்கிறார். ஒரே நாள், எல்லாம் அடக்கம் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். மர்ரே நதிக்கரையில் இருக்கும் எச்சூகா, மெல்பர்னிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர்தான். காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். நல்ல சாலை, குழப்பமில்லாத வழி. ஒரே நாளில் போய் வர முடியும். அம்மாவின் முழங்காலை நினைத்தால் ஓர் இரவு தங்குவது நல்லது.

பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதே என் தொழில். அதனால்தான் சொல்கிறேன்: 'எல்லாம் அடக்கம்' என்று யாராவது சொன்னால், எதெல்லாம் அடக்கம் என்று எழுதிக் கேளுங்கள். உங்களுக்கு வந்திருக்கும் மாதிரி பேக்கேஜ்களில் நான் பார்த்தவரை, வேன், ஒரு மதியச் சாப்பாடு, 'படகுச் சவாரி' என்ற ஒரு வரி. எந்தப் படகு என்று இருக்காது. உங்கள் அப்பாவுக்கு அதுதானே முக்கியம்? மர்ரேயில் துடுப்புச் சக்கரம் சுற்றும் படகெல்லாம் நீராவிப் படகு இல்லை. சக்கரம் பழசு மாதிரி இருக்கும், உள்ளே டீசல் இன்ஜின் ஓடும். பெயருக்கு முன்னால் பி.எஸ். (பேடில் ஸ்டீமர்) என்று இருந்தால் நீராவி. பி.வி. (பேடில் வெசல்) என்றால் விசாரிக்காமல் ஏறாதீர்கள்.

எச்சூகா துறைமுகத்தில் பார்க்க வேண்டியவை அடிலெய்டு, பெவென்சி, அலெக்சாண்டர் ஆர்பத்நாட். மூன்றும் உள்ளூர் நகராட்சியான காம்பாஸ்பி ஷயருக்குச் சொந்தம். அடிலெய்டு 1866ல் இதே ஊரில் கட்டியது; மர உடல் கொண்டு இன்னும் ஓடும் துடுப்பு நீராவிப் படகுகளில் உலகத்திலேயே பழையது. பெவென்சி 1911ல் எதிர்க்கரையான மோவாமாவில் கட்டியது. எமிலூ என்று இன்னொன்று உண்டு. அதன் உடல் 1980களில் செய்தது. 'புதுசு' என்று ஒதுக்கிவிடாதீர்கள், உள்ளே இருப்பது 1906ஆம் வருடத்து மார்ஷல் நீராவி இன்ஜின்.

பெவென்சி மாதிரிப் படகில் இன்ஜின் மறைவாக இருக்காது. தளத்தின் நடுவிலேயே கொதிகலன். உலைக் கதவைத் திறந்து சிவப்பு யூகலிப்டஸ் கட்டையை ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். பிஸ்டன் தண்டு போய்வருவதும், எண்ணெய்க் குப்பியோடு ஒருவர் குனிந்து நிற்பதும், அழுத்தமானியின் முள் ஆடுவதும் கைக்கெட்டும் தூரத்தில். வேலை தெரிந்தவர் கேள்வி கேட்டால் அங்கே இருப்பவர்கள் சந்தோஷமாகப் பேசுவார்கள். ஒரு மணி நேரச் சவாரி போதும். பராமரிப்புக்காகப் படகு மாறும், வெள்ளம் வந்தால் ஓட்டமே நின்றுபோகும். ஆகவே கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்து, நாளை எது ஓடுகிறது, ஏறும் இடத்தில் எத்தனை படி என்று இரண்டையும் கேளுங்கள். டிக்கெட்டைத் துறைமுகத்தில் நேராகவோ, படகை ஓட்டுபவர்களின் சொந்த இணையதளத்திலோ வாங்குங்கள். தேடினால் மேலே விளம்பரமாக வந்து நிற்கும் தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை. படகு ரத்தானால் பணத்துக்கு யாரிடம் போவீர்கள்? படகுக்காரர் தரகரைக் காட்டுவார், தரகர் படகுக்காரரைக் காட்டுவார்.

இடையில் நின்று காசு பார்ப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஊரை உண்டாக்கிய ஹென்றி ஹாப்வுட் 1834ல் இங்கிலாந்திலிருந்து தண்டனை பெற்று நாடு கடத்தப்பட்டவர். 1850களில் இங்கே ஆற்றைக் கடக்கத் தெப்பம் ஓட்டினார், பக்கத்திலேயே விடுதியும் கட்டினார். விடுதியில் ஆள் குறைந்தால் தெப்பம் 'பழுதாகிவிடும்' என்று ஊரில் சொல்வார்கள்.

சரி, துறையைப் பற்றி. மெல்பர்ன் ரயில் 1864ல் இங்கே வந்தது. மறு வருடமே படகுத் துறை கட்டினார்கள். ஆற்றுவழியே உள்நாட்டுப் பண்ணைகளின் கம்பளி வந்து இறங்கி, ரயிலேறி மெல்பர்ன் போனது. ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகமாக இருந்தது அப்படித்தான். துறை முழுக்கச் சிவப்பு யூகலிப்டஸ் மரம், தளத்துக்குக் கீழே தளமாக அடுக்கு. அணைகள் வருவதற்கு முன் மர்ரேயின் மட்டம் பருவத்துக்குப் பருவம் பல மீட்டர் ஏறி இறங்கும். எந்த மட்டத்திலும் சரக்கு இறக்க வேண்டுமே. அப்புறம் 1882ல் சிட்னிப் பக்கத்து ரயில் ஹே என்ற ஊர் வரை வந்ததும் கம்பளி அந்தப் பக்கம் போய்விட்டது. 300 மீட்டருக்கு மேல் நீண்டிருந்த துறையில் பெரும்பகுதியை 1944ல் பிரித்து விறகாக்கினார்கள். மிச்சம் நிற்பதைத்தான் பார்க்கப் போகிறீர்கள். அம்மா மேல்தளத்தில் இருந்தே எல்லாவற்றையும் பார்க்கலாம், கீழே இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

இப்போது தூண்டில். இதில் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், அபராதம் கட்டுகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். எச்சூகா விக்டோரியா மாநிலம். ஆனால் ஆறு விக்டோரியா இல்லை. 1855ஆம் வருடத்துச் சட்டப்படி மர்ரேயின் நீர்வழி முழுவதும் நியூ சவுத் வேல்ஸ். எல்லை ஓடுவது தென்கரையின் உச்சியில். 1980ல் ஆஸ்திரேலியாவின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் வரை போன ஒரு கொலை வழக்கில், தென்கரையில் நீரோரமாக இருந்தவர் சுடப்பட்டது நியூ சவுத் வேல்ஸில்தான், விக்டோரியாவில் விசாரித்தது செல்லாது என்றே தீர்ப்பானது. ஆக, எச்சூகா கரையில் நின்று மர்ரேயில் தூண்டில் போட்டாலும் நியூ சவுத் வேல்ஸ் மீன்பிடிக் கட்டணம் கட்ட வேண்டும். விக்டோரியா உரிமம் செல்லாது.

விக்டோரியாவில் 70 வயது தாண்டினால் உரிமமே வேண்டாம். இதைக் கேட்டுவிட்டு அப்பாவை மர்ரேயில் உட்கார வைக்காதீர்கள். நியூ சவுத் வேல்ஸில் வயதானவர் என்பதற்காக விலக்கு கிடையாது. ஆஸ்திரேலிய ஓய்வூதியச் சலுகை அட்டை இருப்பவர்களுக்கு உண்டு, சுற்றுலா விசாவில் வந்தவருக்கு அது ஏது? மூன்று நாளுக்கான கட்டணம் சில டாலர்தான். அந்த மாநில அரசின் தளத்திலேயே கட்டலாம், யாருக்கும் கமிஷன் தர வேண்டாம். ஒரு வழி இருக்கிறது. ஊருக்குள்ளேயே காம்பாஸ்பி என்ற சிறு ஆறு வந்து மர்ரேயில் சேர்கிறது. அது முழுக்க விக்டோரியா. அங்கே அப்பா காசில்லாமல் தூண்டில் போடலாம். அப்பா கையிலிருந்து தூண்டிலை வாங்கி நீங்கள் மீன் பிடித்தால் உங்களுக்கு விக்டோரியா உரிமம் வேண்டும். செப்டம்பர் முதல் நவம்பர் முடிய மர்ரே காட் மீனைப் பிடிக்க இரண்டு ஆற்றிலும் தடை.

ஒரே தண்ணீர், ஒரே மீன், இரண்டு உரிமம், இரண்டு விலக்குப் பட்டியல். 1901ல் ஆஸ்திரேலியா ஒரே நாடாவதற்கு முன் தனித்தனிக் காலனிகளாக இருந்த இந்த இரண்டு மாநிலங்களும் இந்த ஆற்றில் எதிரெதிரே சுங்கம் வசூலித்தன. 1884ல் கட்டிய சுங்கக் கட்டடம் துறைக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது. சுங்கத்தை ஒழிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு மீன் உரிமத்தை ஒன்றாக்க முடியாதா? எல்லையோர ஊர்க்காரர்கள் வருடக்கணக்கில் இதைக் கேட்டுச் சலித்துவிட்டார்கள்.

கார் இல்லையென்றால் ரயில். 2023 மார்ச் 31 முதல் மாநில ரயில் கட்டணம் மெல்பர்ன் நகரின் ஒரு நாள் கட்டணத்தைத் தாண்டாது. பேக்கேஜின் 240 டாலரை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் எச்சூகாவுக்கு நேர் ரயில் குறைவு, சில நேரம் வழியில் பெண்டிகோ என்ற ஊரில் இறங்கி பஸ் மாற வேண்டும். முழங்கால் வலியோடு அம்மாவை பஸ் மாற்றி அலையவிடாதீர்கள், நேர் ரயில் இருக்கும் நாளைப் பார்த்துப் போங்கள். பழைய துண்டுப் பிரசுரங்களில் ஹோல்டன் கார் அருங்காட்சியகம் என்று இருக்கும், ஏஜென்ட் பட்டியலிலும் இருக்கலாம். அது 2023லேயே மூடியாயிற்று.

இரவு தங்கினால் மறுநாள் காலை பார்மா காட்டுக்குப் போங்கள், அரை மணி நேரம். உலகத்தின் மிகப் பெரிய சிவப்பு யூகலிப்டஸ் காடு, யோர்டா யோர்டா என்ற பூர்வகுடி மக்களின் மண். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்மராகஞ்சா. அரசு நிர்வாகத்தின் கொடுமை தாங்காமல் 1939 பிப்ரவரியில் மக்கள் மொத்தமாக வெளியேறி ஆற்றைக் கடந்த இடம். அந்தத் தலைமுறைக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ், மொரிஷியஸில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர். பூர்வகுடிப் பெண்ணை மணந்து அங்கேயே வாழ்ந்தார். உரிமைப் போராளி வில்லியம் கூப்பரும், பிறகு தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரான டக் நிக்கல்ஸும் அவரிடம் படித்தவர்கள். எந்தப் பேக்கேஜ் வழிகாட்டியும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா, அம்மாவுக்கு நீங்களே சொல்லுங்கள். கம்மராகஞ்சா மக்கள் குடியிருக்கும் ஊர், காட்சிப் பொருள் அல்ல. அழைப்பில்லாமல் உள்ளே கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.