தக்சிம் முதல் அங்காரா வரை: அதாதுர்க் சிலைகள் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இஸ்தான்புல் பற்றிய உங்கள் கட்டுரையில், தக்சிம் சதுக்கத்தின் குடியரசு நினைவுச்சின்னத்தைச் செய்தவர் இத்தாலியரான பியெத்ரோ கனோனிகா என்று எழுதியிருந்தீர்கள். துருக்கிக் குடியரசை நிறுவிய தங்கள் தலைவர் முஸ்தபா கெமால் அதாதுர்க்கை வடிக்க ஒரு துருக்கியச் சிற்பிகூடவா அன்று இல்லை? பின்னாளில் துருக்கியர்களே செய்து ஊர்தோறும் நிறுத்திய அதாதுர்க் சிலைகள் ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கின்றன. அவற்றைக் கலை என்று கொள்ள முடியுமா?

இரா. மு., ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

சிற்பிகள் இருந்தார்கள், ஆனால் மிகச் சிலர். உஸ்மானியப் பேரரசின் நுண்கலைப் பள்ளி 1883இல்தான் திறக்கப்பட்டது; பொது இடத்தில் மனித உருவை நிறுத்துவதற்கு எதிரான மத உணர்வு வலுவாக இருந்ததால், அங்கே சிற்பம் பயின்றவர்களுக்குப் பெரிய நினைவுச்சின்னங்களைச் செய்து பழகும் வாய்ப்பு அமையவில்லை. 1923இல் புர்சாவில் பேசிய முஸ்தபா கெமாலே, சிலை வடிப்பது மதத்துக்கு விரோதமல்ல என்று வாதிட வேண்டியிருந்தது. புதிய குடியரசோ காத்திருக்க விரும்பவில்லை. 1926இல் இஸ்தான்புல்லின் சராய்புர்னுவில் அவருடைய முதல் சிலையை ஆஸ்திரியரான ஹைன்ரிஹ் கிரிப்பலும், 1928இல் தக்சிம் சின்னத்தைக் கனோனிகாவும் செய்தனர்.

அந்தத் தக்சிம் பணியில் கனோனிகாவுக்கு உதவியவர்களுள் ஒருவர் சபிஹா பெங்குதாஷ். ஓவியம் கற்கச் சேர்ந்து சிற்பத்துக்கு மாறி, ரோம் சென்று பயின்ற அவரே துருக்கியின் முதல் பெண் சிற்பி. 1938இல் நடந்த அதாதுர்க் சிலைப் போட்டியில் முதலிடம் பெற்றார். அச்சிலை அங்காராவின் சன்காயாவில் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தில் நிறுவப்பட்டது. பிறர் பெயரில் நிற்கும் சின்னத்தில் உழைத்த ஒரு பெண், பத்தே ஆண்டுகளில் தம் பெயரால் அதே தலைவரை வடிக்கும் நிலைக்கு வந்ததை நான் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் மார்பளவுச் சிலைகளில் பல, அச்சிலிருந்து எடுக்கப்பட்ட படிகளே. திஜானி என்னும் சமயக் குழுவினர் சிலைகளை உடைத்ததைத் தொடர்ந்து 1951இல் இயற்றப்பட்ட 5816ஆம் எண் சட்டம், அதாதுர்க் சிலையைச் சேதப்படுத்துவோருக்கு ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. அத்தகைய காவலுக்குள் வந்துவிட்ட ஒரு முகத்தைத் தன் பார்வையில் மாற்றி வடிக்க எந்தச் சிற்பியும் தயங்குவார் என்றே நினைக்கிறேன். 1980இன் ராணுவ ஆட்சிக்குப் பின், 1981இல் வந்த அதாதுர்க்கின் பிறந்த நூற்றாண்டு விழாவை ஒட்டி எழுந்த ஏராளமான சிலைகள் இந்த ஒருமையை இன்னும் கூட்டின.

ஆனால் அச்சுப் படிகளைக் கொண்டு அந்தச் சிற்பிகளை எடை போடாதீர்கள். 1953இல் திறக்கப்பட்ட, அதாதுர்க்கின் அங்காரா நினைவிடமான அனித்கபீரில், படிக்கட்டின் ஒரு புறம் துருக்கிய விடுதலைப் போரில் நடந்த சக்கார்யா போரைச் சித்திரிக்கும் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. துருக்கியச் சிற்பி இல்ஹான் கோமன் செய்தது. வீட்டை விட்டுப் புறப்படும் மக்கள், சேற்றில் புதைந்த மாட்டுவண்டி, திணறும் விலங்குகள் என்று, தலைவரை நினைவுகூரும் இடத்திலேயே எளிய மனிதர்களின் துன்பத்தைக் கல்லில் கொண்டுவந்திருக்கிறார். ஒற்றை முகத்தை மட்டும் கேட்காமல் ஒரு நிகழ்ச்சியைச் செதுக்கச் சொன்னபோது அந்தக் கைகள் எவ்வளவு செய்ய முடிந்தது என்பதற்கு அதுவே சான்று. உலோகத் தகடுகளை அடுக்கி, கைகளை விரித்த பெண்ணாக 1980இல் இஸ்தான்புல்லில் நிறுவப்பட்ட 'மத்தியதரைக் கடல்' சிலையும் அதே கோமன் படைத்ததுதான். இவ்விரண்டின் படங்களையும் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுங்கள்.

அன்புடன்.