சிட்டிக்கு மேல ஸ்டேட்

கேள்வி: டெக்ஸாஸ்ல நாங்க ஓட்டு போட்டுத்தான் மேயரும் கவுன்சிலும் வர்றாங்க. அவங்க "எங்க போலீஸ் இமிக்ரேஷன் வேலை பாக்காது"ன்னு முடிவு பண்ணா ஏன் செல்லாது? உள்ளூர் போலீஸ ஃபெடரல் அரசே கட்டாயப்படுத்த முடியாதுன்னு சொல்றாங்களே?
— வாசகர், டல்லாஸ்

பதில்: பாதி சரி. 1997ல பிரின்ட்ஸ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அப்படித்தான் சொல்லுச்சு, வாஷிங்டன் உள்ளூர் போலீஸ தன் வேலைக்கு இழுக்கக் கூடாதுன்னு. ஆனா அது ஃபெடரலுக்கு எதிரா மட்டும்தான் உதவும், சொந்த ஸ்டேட்டுக்கு எதிரா உதவாது. சிட்டியே ஸ்டேட் உண்டாக்குனதுதான், குடுத்த அதிகாரத்த திருப்பி எடுத்துக்கலாம்னு 1907லயே தீர்ப்பு வந்தாச்சு. 2017 ஆரம்பத்துல டிராவிஸ் கவுன்ட்டி ஷெரிஃப், ஐஸ் (ஃபெடரல் இமிக்ரேஷன் ஏஜென்சி) அனுப்புற டிடெயினர் (ஜெயில்ல இருக்குறவர எங்களுக்காக கொஞ்சம் கூடுதலா வெச்சிருங்கன்னு கேக்குற நோட்டீஸ்) எல்லாத்துக்கும் ஆள புடிச்சு வெக்க முடியாதுன்னாங்க, உடனே கவர்னர் அபட் சுமார் 15 லட்சம் டாலர் மானியத்த நிறுத்திட்டாரு, அதே வருஷம் மே மாசம் எஸ்பி 4ங்கற ஸ்டேட் சட்டத்துல கையெழுத்தும் போட்டாரு. அதுப்படி அரெஸ்ட் ஆன ஆள்கிட்ட போலீஸ் இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் கேக்குறத சிட்டி தடுக்க முடியாது, மீறினா தினம் 25,000 டாலருக்கு மேல கூட ஃபைன் வரலாம், அதிகாரிங்க பதவியும் போகலாம். எல் செனிசோன்னு பார்டர்ல ஒரு குட்டி ஊர்தான் முதல்ல கேஸ் போட்டுச்சு (தைரியம்தான்!), பெரிய சிட்டியெல்லாம் பின்னாடி சேர்ந்துச்சு. 2018ல அப்பீல் கோர்ட் சட்டத்த பெரும்பாலும் அப்படியே விட்டுருச்சு, தேர்ந்தெடுக்கப்பட்டவங்க அந்த மாதிரி பாலிசிய ஆதரிச்சு பேசவே கூடாதுங்கற பகுதிய மட்டும் நிறுத்துச்சு. ஆக உங்க மேயர் பேசலாம், செய்ய முடியாது.

கேள்வி: அப்போ ஸ்டேட் இப்படி சிட்டிய அடக்குறது ஒரு கட்சியோட ஆயுதம்தானே?

பதில்: ஆயுதம் யார் கையில இருக்கோ அவங்களுது. ஃப்ளோரிடா 2019ல டெக்ஸாஸ் வழியில போச்சு. கலிஃபோர்னியாவோட எஸ்பி 54 நேர் எதிரு, உள்ளூர் போலீஸ் ஐஸுக்கு உதவறதுக்கே அங்க கட்டுப்பாடு. அங்க ஹன்டிங்டன் பீச்ங்கற சிட்டி "நாங்க சார்ட்டர் சிட்டி (ஊர் விஷயத்த தானே நடத்திக்க சொந்த சாசனம் இருக்குற சிட்டி), எங்க போலீஸ் எங்க இஷ்டம்"னு கோர்ட்டுக்குப் போய் 2020ல அப்பீல்ல தோத்துச்சு. உள்ளூர் உரிமைன்னு ரெண்டு பக்கமும் பேசுறாங்க, ஸ்டேட் கைக்கு வந்ததும் ரெண்டு பேருக்கும் அது மறந்துடுது.

கேள்வி: சாங்ச்சுவரி சிட்டியில, அதாவது இமிக்ரேஷன் வேலைக்கு உதவ மாட்டோம்னு சொல்ற ஊர்ல, ஐஸ் நுழையவே முடியாதா?

பதில்: தாராளமா நுழையலாம், அரெஸ்டும் பண்ணலாம். ஊர் போலீஸ் அவங்களுக்கு உதவிக்கு வராது, அவ்வளவுதான்.