லாக் ஃபைலை அழித்த பிறகும் சர்வரில் டிஸ்க் ஏன் காலியாகவில்லை?

40 ஜிபி லாக்கை (புரோகிராம் தன் நடவடிக்கைகளை எழுதிவைக்கும் ஃபைல்) அழித்துவிட்டீர்கள், ஆனாலும் டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் (df) கமாண்ட் 100 சதவீதம் என்றே காட்டுகிறது, ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ (du) போட்டுப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது, அதுதானே கேள்வி? ஃபைல் இன்னும் போகவில்லை. லினக்ஸில் ஃபைலை அழிக்கப் போடும் ஆர்எம் (rm) கமாண்ட் அழிப்பது பெயரை மட்டும்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை டேட்டா டிஸ்க்கில் அப்படியே கிடக்கும், போதாக்குறைக்கு அந்தப் புரோகிராம் அதிலேயே எழுதிக்கொண்டும் இருக்கும். டியூ கண்ணுக்குத் தெரியும் ஃபைல்களைக் கூட்டுகிறது, டிஎஃப் ஃபைல் சிஸ்டத்திடமே கேட்கிறது, அதனால்தான் வித்தியாசம்.

திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கமாண்டை ரூட் (அட்மின்) உரிமையோடு ஓட்டி, 'டெலீட்டட்' (deleted) என்று வரும் வரிகளைப் பாருங்கள். எந்தப் புரோகிராம் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும், இடம் உடனே திரும்பி வரும். சர்வரையே ரீபூட் செய்ய வேண்டாம் (நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்).

அடுத்த முறை, ஓடிக்கொண்டிருக்கும் லாக்கை ஆர்எம் செய்யாமல் ட்ரங்கேட் (truncate) கமாண்டால் அளவைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் பழைய லாக்குகளை அவ்வப்போது ஒதுக்கி அழிக்கும் லாக்ரொட்டேட் (logrotate) ஓடுகிறதா என்று பாருங்கள், ஒழுங்காக ஓடியிருந்தால் ஒரே ஃபைல் 40 ஜிபிக்கு வளர்ந்திருக்காது.