ஒரே சட்டியில் சிக்கனும் ஸ்டஃபிங்கும்: ரொட்டி கூழாகிறது என்றால்

சிக்கனோடு ஒரே சட்டியில் ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டுகளை வெங்காயம், மூலிகையோடு சாறில் ஊறவைத்து வேகவைப்பது) செய்தபோது, 6 கப் ரொட்டித் துண்டுக்கு 3 கப் பிராத் ஊற்றியும் ரொட்டி கூழாகிவிட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். பிராத்தை (இறைச்சியோ காய்கறியோ வேகவைத்து வடித்த சாறு) பாதிக்கும் கீழே குறையுங்கள். 6 கப் ரொட்டித் துண்டுக்கு 3 கப் ஊற்றினால் கூழாகத்தான் ஆகும். ஒன்றேகால் கப் போதும். மேலே வைக்கிற சிக்கன் தொடையிலிருந்து வடியும் சாறும் கொழுப்பும் ரொட்டிக்குள்தானே இறங்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரொட்டியும் ஒரு காரணமாக இருக்கலாம். "இரண்டு நாள் பழசுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய ரொட்டி விறைத்திருக்கும், ஆனால் ஈரம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பி, 135 டிகிரி செல்சியஸ் (275 ஃபாரன்ஹீட்) அவனில் அரை மணிக்கு மேல் உலர்த்துங்கள். வேலை நாளில் நேரமில்லையா, முந்தின இரவே செய்து வைத்துவிடலாம்.

ஒரு துண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கினால் சரி, நடுவில் அமுங்கினால் இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் பிராத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி மெதுவாகப் புரட்டுங்கள். சட்டியின் அடியில் தேங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள், மிச்சம் கிரேவிக்கு ஆகும்.

தாங்க்ஸ்கிவிங் (அமெரிக்க நன்றி கூறும் நாள்) விருந்தின் மணத்துக்கு, இந்த அளவு ரொட்டிக்கு உலர்ந்த சேஜ் (மணமூட்டும் மூலிகை இலை) ஒரு தேக்கரண்டிதான். வெங்காயமும் செலரியும் வெண்ணெயில் வதங்கும்போதே போடுங்கள். கூடினால் கசக்கும், மருந்து வாசனையும் வரும்.

ஒரு எச்சரிக்கை: சிக்கன் உள்ளே 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அதன் பச்சைச் சாற்றைக் குடித்த ரொட்டியின் நடுப்பகுதிக்கும் அதே அளவுதான், அங்கேயும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்துவிட்டு இறக்குங்கள்.