பல்வலிக்குக் கிராம்புத் தைலம் போதுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. மூன்று வாரமாகப் பஞ்சில் கிராம்புத் தைலம் நனைத்து வைத்துச் சமாளித்தேன். கிருமியைக் கொல்லும் என்றுதானே சொல்கிறார்கள்? நாலைந்து நாளாகத் தைலம் வைக்காமலே வலி இல்லை. ஆனால் நேற்றிலிருந்து தாடை லேசாக வீங்கியிருக்கிறது. என் 4 வயது மகனுக்கும் பல்வலி. அவனுக்கு இந்தத் தைலத்தை வைக்கலாமா?

பதில்: வீக்கத்தைவிட, வலி தானாகப் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

கிராம்புத் தைலம் கிருமியைக் கொல்லும் என்பது பொய்யில்லை. அதில் பெரும்பங்கு யூஜெனால் என்ற வேதிப்பொருள். பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைத்து உள்ளிருப்பதை ஒழுகவிட்டுவிடும். ஓமத்திலுள்ள தைமாலுக்கும் இதே வேலைதான்; லிஸ்டரின் மவுத்வாஷில் அது உண்டு. பல் கிளினிக்கில் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே ஒரு வாசனை, அது யூஜெனாலுடையது. துத்தநாக ஆக்சைடு பொடியைக் கண்ணாடிப் பலகையில் கொட்டி, யூஜெனாலில் குழைத்துத்தான் சொத்தையைத் தற்காலிகமாக அடைப்போம்.

ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் எண்ணெய் நேராகக் கிருமிமேல் படுகிறது. உங்களுக்கோ பஞ்சு பல்லின் மேலே. கிருமி வேர் நுனியில், எலும்புக்குள். மேலே வைத்த தைலம் அங்கே போய்ச் சேராது. முதலில் வலி அடங்கியது யூஜெனால் மரத்துப்போகச் செய்ததால். இப்போது தைலமே இல்லாமல் வலி இல்லையென்றால் பல்லின் நரம்பு செத்திருக்கலாம். தாடை வீக்கம், சீழ் கட்டுவதன் அறிகுறி.

நாளைக்குள் பல் மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரே எடுத்து, வேர் சிகிச்சையா, பிடுங்குவதா என்று அவர் முடிவு செய்வார். மெடிக்கலில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட வேண்டாம். சீழை வெளியேற்றாமல் மாத்திரை மட்டும் போதாது. வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ, வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கண்ணாடியில் ஈறையும் பாருங்கள். வெள்ளையாகத் தோல் உரிந்திருந்தால் தைலம் சுட்ட புண். ஒரு நோயாளிக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சு இருந்த அளவுக்கு அச்சாக வெந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மகனுக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். ஒன்றிரண்டு தேக்கரண்டி விழுங்கிய குழந்தைகளுக்கு ஈரலே செயலிழந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பாட்டிலை அவன் கைக்கு எட்டாமல் வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் சிரப், எடைக்கேற்ற அளவு கேட்டுக் கொடுங்கள். உங்களோடு அவனையும் கூட்டிப் போங்கள். பால்பல் சொத்தைக்கும் சிகிச்சை உண்டு.