சைக்கிள் பயணங்களை டிஜிட்டல் முறையில் பதிவு செய்து வைக்க எது நல்ல வழி?

கேள்வி: வாரத்தில் பல நாட்கள் சைக்கிள் ஓட்டுகிறேன். பயணங்களைப் பதிவு செய்து வைக்க ஆசை. ஒரு செயலி இருந்தால் போதுமா? என்னவெல்லாம் குறிக்க வேண்டும்?

செயலி மட்டும் போதாது. பல ஆண்டுகளாகப் பதிவு வைத்திருக்கிறேன். அதனால் இதை உறுதியாகச் சொல்கிறேன். உங்கள் பயணக் கணக்கு உங்கள் கணினியில், யாருடைய தயவும் இல்லாமல் நீங்களே திறந்து படிக்கக்கூடிய கோப்பாக இருக்க வேண்டும். இலவசமாகக் கிடைத்த வசதி ஒருநாள் கட்டணமாகும். நிறுவனம் கைமாறும். கைபேசி மாறும். நீங்கள் மிதித்த தூரம் அவற்றோடு சேர்ந்து காணாமல் போகக் கூடாது.

எந்தச் செயலி என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். பயணத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். 2002 முதல் புழக்கத்தில் உள்ள இந்த வடிவம் வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்தாலே ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் எல்லாம் வரிசையாகத் தெரியும். கார்மின் போன்ற நிறுவனங்களின் ஜிபிஎஸ் கருவிகள் எழுதும் ஃபிட் கோப்பை அப்படிப் படிக்க முடியாது. ஆனாலும் இதயத்துடிப்பு, மிதி வேகம் போன்ற விவரங்கள் அதில் முழுமையாக இருக்கும் என்பதால் அசலை அழிக்காதீர்கள். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள், 2024-03-15 என்பதுபோல. பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும்.

இனி முக்கியமான பகுதி. ஒரு எக்செல் தாள் தொடங்குங்கள். தேதி, தூரம், ஓட்டிய நேரம், எந்த சைக்கிள், குறிப்பு: இந்த ஐந்து பத்திகள் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. பத்திகள் பெருகப் பெருக, நிரப்பும் ஆர்வம் குறைந்துவிடும். சராசரி வேகத்துக்குத் தனிப் பத்தி தேவையில்லை, தாளே கணக்கிட்டுவிடும்.

அந்த ஐந்தில் நான் மிகவும் மதிப்பது கடைசிப் பத்தியைத்தான். எந்தப் பக்கம் எதிர்க்காற்று அடித்தது, யார் கூட வந்தார்கள், எந்த இடத்தில் சாலை பெயர்ந்து கிடந்தது, எங்கே முழங்கால் வலிக்கத் தொடங்கியது என்பதெல்லாம் எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. ஒரே வரி எழுதுங்கள், ஆனால் அன்றைக்கே எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எல்லாப் பயணமும் "நன்றாக இருந்தது" என்றுதான் வரும். இருக்கையை உயர்த்திய நாளையும் அதே பத்தியில் குறித்துவிட்டால், வலி எப்போது தொடங்கியது என்று பின்னால் தேடும்போது காரணமும் பக்கத்திலேயே கிடைக்கும்.

ஏற்றத்தின் உயரத்தை நான் தாளில் எழுதுவதில்லை. கிடைத்தூரத்தை அளக்கும் அளவுக்குத் துல்லியமாக ஜிபிஎஸ் உயரத்தை அளப்பதில்லை. சமதளச் சாலையிலும் உயரம் இரண்டு மூன்று மீட்டர் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தில் மேலே போனதையெல்லாம் கூட்டினால் ஏறாத மலையை ஏறியதாகக் கணக்கு வரும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு முறையைக் கையாள்வதால், ஒரே கோப்புக்கு இரண்டு செயலிகள் இரண்டு விடை சொல்லும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் அளக்கும் கருவி இருந்தால் எழுதலாம். எப்போதும் அதே கருவியின் எண்ணையே எழுதுங்கள்.

உதிரிபாகங்களுக்கு இரண்டாவது தாள் ஒன்று வேண்டும். செயின், டயர், பிரேக் கட்டை எந்தத் தேதியில் மாற்றப்பட்டன என்று எழுதினால் போதும், அதன்பின் ஓடிய கிலோமீட்டரை முதல் தாளிலிருந்து கூட்டிக்கொள்ளலாம். செயின் தேய்மானத்தை அளந்த அளவையும் அங்கேயே எழுதுங்கள். புதிய செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 1/16 அங்குலம் கூடிவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடும் வரை விட்டால் பின்பக்கப் பல்சக்கரங்களும் கெட்டிருக்கும். ஒரு செயின் எத்தனை கிலோமீட்டர் உழைக்கும் என்பது சேறு, எண்ணெய், ஓட்டுபவரின் எடை எல்லாவற்றையும் பொறுத்தது. ஆகவே அடுத்தவர் சொல்லும் எண்ணைவிட உங்கள் தாள் சொல்லும் எண்ணே உங்களுக்குப் பொருந்தும்.

பிறரோடு பகிர்வதாக இருந்தால், கோப்பில் உங்கள் வீட்டு வாசலும் பதிவாகியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஓட்டம், சைக்கிள் பயணங்களைப் பதிவு செய்யும் செயலியான ஸ்ட்ராவா, தன் பயனர்கள் சென்ற பாதைகளைச் சேர்த்து 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில் பெயர்கள் எதுவும் இல்லை. ஆனாலும் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய பாதைகள் அதில் தெரிந்தன. 2018 ஜனவரியில் அது செய்தியானது. தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதி பல செயலிகளில் உண்டு. முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

சரி, இவ்வளவையும் எழுதி என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் எடிங்டன் எண்ணைச் சொல்வேன். 1919 சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைச் சோதித்த வானியலாளர் ஆர்தர் எடிங்டன் சைக்கிள் பிரியர். தன் பயணங்களுக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் இது: குறைந்தது 50 மைல் ஓட்டிய நாட்கள் 50 இருந்தால் உங்கள் எண் 50. 1944-இல் அவர் மறைந்தபோது அவருடைய எண் 84. 50-இலிருந்து 51-க்குப் போக ஒரு நாள் கூடுதலாக ஓட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் சரியாக 50 மைல் ஓட்டிய நாட்கள் அனைத்தும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். 51 மைலைத் தொட்ட நாட்கள் 51 வேண்டும். ஒரே நாள் வெறித்தனமாக ஓட்டி இதை உயர்த்த முடியாது. வேகத்தைவிட விடாமல் ஓட்டுவதை மதிக்கும் இப்படியோர் அளவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கணக்கிடுவதும் எளிது. ஒரே நாளில் ஓட்டிய பயணங்களைக் கூட்டி நாளுக்கு ஒரு தூரமாக்குங்கள். பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் இடுங்கள். தூரம் வரிசை எண்ணுக்குக் குறையாமல் இருக்கும் கடைசி வரியின் எண்தான் உங்கள் எண். மைலா கிலோமீட்டரா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஏனெனில் ஒன்றின் விடையைப் பெருக்கி மற்றொன்றின் விடையைப் பெற முடியாது. இதற்குத் தேதியும் தூரமும் மட்டுமே தேவை என்பதால், பழைய டைரியில் கிறுக்கிவைத்த பயணங்கள் இருந்தால் அவற்றையும் தாளில் ஏற்றிவிடுங்கள்.